காஸ்க் ஒயின்: உள்ளே இருப்பது பரவாயில்லை, குழாய்தான் படுத்துகிறது

இரண்டு பெட்டி சேர்த்து எடுத்தால் விலை குறைகிறது, எடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆஸ்திரேலியாவில் பாட்டில் ஷாப் என்னும் மதுக்கடைகளின் கீழ்த்தட்டில் அடுக்கிக் கிடக்கும் 4 லிட்டர் காஸ்க் ஒயினைத்தான் சொல்கிறார். அட்டைப்பெட்டி, அதற்குள் வெள்ளி நிறப் பை, முன்பக்கம் ஒரு குழாய். ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்தக் குழாயைத் திட்டாமல் பதில் சொல்ல மனசு வரவில்லை.

முதலில் ஒயின், அது சீக்கிரம் முடிந்துவிடும். காஸ்க்குகளுக்கான திராட்சையில் பெரும்பகுதி ரிவர்லேண்ட், ரிவரினா, மரே டார்லிங் போன்ற வெயில் கொளுத்தும் உள்நாட்டுப் பாசனப் பகுதிகளிலிருந்து வருகிறது. லேபிளில் ‘சவுத் ஈஸ்டர்ன் ஆஸ்திரேலியா’ என்று இருந்தால் அது பல மாநிலங்களை வளைத்துப்போட்ட ஒரு பெயர். எங்கு விளைந்தது என்று அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அறுவடை ஆண்டும் பெரும்பாலும் இருக்காது. அதனால் போன தடவை பிடித்த அதே பெயர், இந்தத் தடவை வேறு கலவையாக இருக்கலாம். ‘இந்த பிராண்ட் நல்லது’ என்று யாராவது சொன்னால், அவர் குடித்த பெட்டி நல்லது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரை ரெட், அதாவது இனிப்பில்லாத சிவப்பு ஒயின் வகைகளில் எதிர்பார்க்க வேண்டியது: பழுத்த பிளம் வாசனை, கொஞ்சம் ஜாம் தன்மை, மெல்லிய துவர்ப்பு, விழுங்கியதும் சட்டென்று மறையும் சுவை. வெப்பப் பகுதித் திராட்சையில் புளிப்பு குறைந்துவிடும் என்பதால் ஆலையில் டார்டாரிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். சில பெட்டிகளில் அந்தப் புளிப்பு பழத்தோடு ஒட்டாமல் தனியாக நாக்கின் ஓரத்தில் உரசும். அது கெட்டுப்போன அறிகுறி இல்லை, மலிவின் அறிகுறி. 20 டாலர் பெட்டி என்று வைத்தால் 750 மில்லி பாட்டில் கணக்கில் 3 டாலர் 75 காசு. அந்த விலைக்கு இது கௌரவமான ஒயின். இதைவிட மட்டமானதை 10 டாலர் பாட்டிலில் விற்கிறார்கள்.

எதிர்பாராத சந்தோஷம் ஃப்ரூட்டி லெக்சியா. ஒயின் தெரிந்தவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் முகம் சுளிக்கும் இனிப்பு வெள்ளை இது. மஸ்கட் கோர்டோ பிளாங்கோ திராட்சையில் செய்வது. மல்லிகையும் ஆரஞ்சுப் பூவும் கலந்த வாசனை, ஆல்கஹால் குறைவு. மிளகாய் தூக்கலான மீன் குழம்போடு, காரமான கோழி வறுவலோடு, இதற்கு ஈடாக எந்த ரெட்டும் நிற்காது. காரணம் நேரடியானது. ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலை ஏற்றிவிடும், துவர்ப்பு அந்த எரிச்சலைச் சொரசொரப்பாக்கும். சர்க்கரை இரண்டையும் அடக்கும். 14 சதவீத ஆல்கஹால் உள்ள ஷிராஸ் ரெட்டை வத்தக்குழம்போடு குடித்துவிட்டு ‘இந்திய சாப்பாட்டுக்கு ஒயின் சரிப்படாது’ என்று தீர்ப்பு சொல்பவர்கள் லெக்சியாவை நன்றாகக் குளிரவைத்து ஒரு முறை முயன்று பார்க்கலாம். பருப்பு, கூட்டு, தயிர் சாதம் மாதிரி காரமில்லாத சாப்பாட்டுக்கு டிரை வெள்ளை போதும்.

வீட்டில் ருசி பார்ப்பதற்கு டம்ளர் வேண்டாம். வாய் கொஞ்சம் குறுகிய கண்ணாடிக் கிளாஸில் 50 மில்லி ஊற்றினால் போதும். சுழற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை முகருங்கள், சுழற்றிவிட்டு மறுபடி முகருங்கள். குறைகள் பெரும்பாலும் முதல் தடவையிலேயே பிடிபடும். வெள்ளையானாலும் சோதிக்கும்போது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து பதினைந்து நிமிஷம் விடவேண்டும். கடுங்குளிரில் எல்லாக் குறையும் ஒளிந்துகொள்ளும். குடிக்கும்போது திரும்பவும் குளிரவையுங்கள், அது வேறு விஷயம். இன்னொன்று: அடுப்பில் தாளிப்பு நடக்கும்போது ருசி பார்க்காதீர்கள். பெருங்காயத்தின் வாசனையே கந்தகச் சேர்மங்களால் வருவது. ஒயினில் வரும் அழுகிய முட்டை, எரிந்த தீக்குச்சி வாடைகளும் அதே குடும்பம். எது எதிலிருந்து வருகிறது என்று பிரிக்கவே முடியாது.

இப்போது குழாய்.

காஸ்க்கின் சரித்திரத்திலேயே குழாய் இரண்டாவதாகத்தான் வருகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் மரே நதிக்கரையில் உள்ள ரென்மார்க்கில் ஒயின் தயாரிப்பாளர் தாமஸ் ஆங்கோவ் 1965-இல் காப்புரிமை பெற்ற பெட்டியில் குழாயே கிடையாது. பையின் மூலையைக் கத்தரித்து ஊற்றிவிட்டு ஒரு கிளிப்பைப் போட்டு மூடவேண்டும். 1967-இல் சார்லஸ் மால்பாஸும் பென்ஃபோல்ட்ஸ் ஒயின் நிறுவனமும் காற்றுப் புகாத குழாய் வைத்த பையைக் கொண்டுவந்தார்கள். அருமையான யோசனை. ஊற்ற ஊற்றப் பை சுருங்கும், உள்ளே காற்றுக்கு வேலை இல்லை. ஆனால் ‘காற்றுப் புகாத’ என்பது முழு உண்மை இல்லை. பையின் சவ்வு பல அடுக்குகளால் ஆனது, ஆக்சிஜனை ஓரளவு தடுக்கும். குழாயும், அது பையோடு சேரும் கழுத்தும் கெட்டி பிளாஸ்டிக். காற்று மெல்லக் கசிந்து உள்ளே போவதற்கு அதுதான் வழி. திறக்காமல் கடையில் கிடக்கும் பெட்டிக்கும் இதே கதி. கந்தக டையாக்சைடு, அதாவது லேபிளில் ‘220’ என்று போட்டிருக்கும் பாதுகாப்புப் பொருள், இந்தக் கசிவைச் சமாளித்தே மாதாமாதம் குறைந்துகொண்டு வரும். அது தீர்ந்தபின் ஒயின் அநாதை. (ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த 220-ஐக் கவனிக்கவேண்டும், சிலருக்கு மூச்சு இழுக்கும்.)

அதனால் வாங்கும்போது பார்க்கவேண்டியது பிராண்டை அல்ல, பெட்டியில் மையால் அச்சடித்த தேதியை. நிரப்பிய தேதி இருந்தால் ஆறு மாதத்துக்குள் இருப்பதை எடுங்கள். ‘பெஸ்ட் பிஃபோர்’ மட்டும் இருந்தால், தட்டில் உள்ளவற்றில் மிகத் தள்ளிப்போன தேதியை எடுங்கள். பின்வரிசையில் கைவிட்டு எடுக்கக் கூச்சப்படாதீர்கள்.

திறப்பதிலும் முறை இருக்கிறது. பெரும்பாலானவர்கள் பெட்டியை நிற்கவைத்தபடியே துளையைக் குத்தி உள்ளே விரலை விட்டுத் துழாவுவார்கள். அட்டை கோணலாகக் கிழியும், குழாயின் கழுத்து விளிம்பில் உட்காராது, ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் குழாய் உள்ளே ஓடிப்போகும். துளை மேலே பார்க்கும்படி பெட்டியைப் படுக்கவையுங்கள். துளையிட்ட கோட்டின் வழியே அட்டையை முழுதாக எடுத்துவிட்டு, கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்து, கழுத்தில் உள்ள பள்ளத்துக்குள் அட்டையின் விளிம்பைச் செருகுங்கள். குழாய் இன்னும் மேலே பார்த்தபடி இருக்கும்போதே அதைத் திறந்து, பையை மெதுவாக அழுத்தி, நிரப்பும்போது உள்ளே தங்கிய காற்றுக் குமிழை வெளியேற்றுங்கள். ஒயின் எட்டிப் பார்த்ததும், பையிலிருந்து கையை எடுப்பதற்கு முன்னால் குழாயை மூடவேண்டும். கையை முதலில் எடுத்தால் வெளியேற்றிய காற்றைப் பை திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்த ஒரு நிமிஷ வேலை கணிசமான நாட்களைச் சம்பாதித்துக் கொடுக்கும்.

இவ்வளவும் செய்தபிறகும் குழாய் சொட்டும். மூடியபின் குழாயின் மூக்கில் தங்கும் சில துளிகள் ஃபிரிட்ஜ் தட்டில் சிவப்பாகக் காயும். வெளியே வைத்தால் பழ ஈக்கள் வந்து சேரும்; ஈ வந்தால் வினிகர் பாக்டீரியாவும் கூடவே வரும். இரண்டு மூன்று நாள் தொடாமல் இருந்துவிட்டு ஊற்றும்போது முதல் கிளாஸ் மட்டும் புளித்த வாடை அடித்தால், பழி ஒயின்மேல் இல்லை, மூக்கில் தேங்கியதுதான் அது. முதல் 15 மில்லியைக் கொட்டிவிட்டு ஊற்றுங்கள், வாரம் ஒரு தடவை வெந்நீரில் நனைத்த துணியால் மூக்கை உள்வரை துடையுங்கள். அறுபது வருஷமாகச் சந்தையில் இருக்கும் பொருள், என் கைக்கு இன்னும் சொட்டாத குழாய் வரவில்லை. பெட்டியின் அச்சுவேலை மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை மாறுகிறது.

ரெட்டானாலும் ஃபிரிட்ஜில்தான் வைக்கவேண்டும், குளிரில் கெடுவது நிதானமாக நடக்கும். ஊற்றிவிட்டு அரைமணி நேரம் வெளியே விட்டால் சரியான குளிர்ச்சிக்கு வந்துவிடும். ‘திறந்தபின் ஆறு வாரம்’ என்றெல்லாம் பெட்டிகளில் சொல்லிக்கொள்வார்கள். என் தீர்ப்பு: ரெட்டுக்கு நான்கு வாரம், டிரை வெள்ளைக்கு இரண்டரை. வெள்ளையில் காப்பாற்றுவதற்குத் துவர்ப்புச் சத்து இல்லை.

சந்தேகம் இருந்தால் சோதிக்க ஒரு வழி உண்டு. பெட்டி திறந்த அன்றைக்கே 200 மில்லி கண்ணாடிப் பாட்டில் ஒன்றில், ஓரத்தைத் தொட்டு நுரைக்காமல் வழியவிட்டு, கழுத்து வரை நிரப்பித் திருகுமூடி போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு வாரம் கழித்து மூன்று ஒரே மாதிரிக் கிளாஸ்களில், இரண்டில் குழாயிலிருந்தும் ஒன்றில் பாட்டிலிலிருந்தும் ஊற்றி, எது எதுவென்று தெரியாமல் வேறொருவரைக் கொடுக்கச் சொல்லுங்கள். தனியாக நிற்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் பெட்டி நன்றாக இருக்கிறது. தெரிந்தால் என்ன மாறியிருக்கிறது என்று கவனியுங்கள். அடிபட்டுக் கன்றிய ஆப்பிள் வாடை, வெள்ளையில் நிறம் அடர்ந்த மஞ்சளாவது, ரெட்டில் விளிம்பு பழுப்பாவது எல்லாம் காற்றின் வேலை. வினிகர், நகப்பூச்சு அகற்றும் திரவ வாடை வந்தால் பாக்டீரியா. முன்னது சமையலுக்கு ஆகும். பின்னதைக் கொட்டிவிடுங்கள்.

அடுத்தது அளவு. பாட்டிலில் எவ்வளவு குறைந்தது என்று கண்ணுக்குத் தெரியும், பெட்டியில் தெரியாது. ‘கொஞ்சம்’ என்று அழுத்துவது 100 மில்லியா 180 மில்லியா என்று யாருக்கும் தெரியாது. சமையலறைத் தராசு இதற்கு உதவும். வாரம் ஒருமுறை பெட்டியை அப்படியே நிறுத்தால் போதும், டிரை ஒயினில் ஒரு கிராம் கிட்டத்தட்ட ஒரு மில்லி. 13 சதவீத ரெட் 4 லிட்டரில் 41 ஸ்டாண்டர்ட் டிரிங்க் (ஒன்றுக்கு 10 கிராம் ஆல்கஹால் என்பது ஆஸ்திரேலியக் கணக்கு) இருக்கிறது, லேபிளிலேயே போட்டிருக்கும். ஆஸ்திரேலிய அரசின் 2020 வழிகாட்டுதல், வாரத்துக்குப் பத்தைத் தாண்டாதே, ஒரே நாளில் நான்கைத் தாண்டாதே என்கிறது. அப்படியென்றால் அளவோடு குடிக்கும் தனி ஆளுக்கு ஒரு ரெட் பெட்டி முழுசாக நான்கு வாரம் ஓடும். குழாய் தாங்குவதும் அவ்வளவுதான். வெள்ளையில், ஒயின் கெடுவதற்குள் முடிக்கவேண்டும் என்றால் வழிகாட்டுதலை மீறவேண்டும். வீட்டில் இரண்டு பேர் குடித்தால் மட்டுமே வெள்ளைப் பெட்டியின் கணக்கு நேராகும்.

கடைசி அரை லிட்டருக்குப் பெட்டியைக் கிழித்துப் பையை வெளியே எடுத்தால்தான் வரும். அட்டை மறுசுழற்சித் தொட்டிக்கு, பை குப்பைக்கு. காலிப் பையை ஊதித் தலையணையாக வைத்துக்கொள்ளும் ஊர்ப் பழக்கமும் உண்டு, வசதி எப்படியென்று சொல்வதற்கில்லை.

ஆக, நண்பருக்கு. ஒயின் விலைக்கு மேலாகவே இருக்கிறது. லெக்சியா விருந்தாளிகள் முன்னாலும் தலைநிமிர்ந்து நிற்கும். ஒரு கிளாஸுக்காக ஒரு பாட்டிலைத் திறக்கவேண்டிய தொல்லை இல்லை, குழம்பில் ஒரு கரண்டி ஊற்றக் கை நடுங்காது. கார்க் கெடுத்த வாடை என்ற பேச்சே இல்லை. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் வாங்கு என்றுதான் வருகிறது. ஆனால் இரண்டாவது பெட்டி, முதல் பெட்டி தீரும்வரை திறக்காமல் கிடந்து, அதே குழாய் வழியாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். தள்ளுபடி போட்டது தேதி நெருங்கும் சரக்காகவும் இருக்கலாம். இரண்டு எடுக்காதீர்கள். ஒன்று எடுப்பதானால் 2 லிட்டர் எடுங்கள், லிட்டர் கணக்கில் கூடுதல்தான், பரவாயில்லை. இந்த மாதம் என்னைக் கேட்டால் அதுவும் வேண்டாம், திருகுமூடி பாட்டில் ஒன்று வாங்குங்கள். ஃபிரிட்ஜ் தட்டை இப்போதுதான் துடைத்து முடித்தேன்.