ரங்கூன் சாலையில் வலப்பக்க ஸ்டியரிங்: என் புரோபாக்ஸ் அனுபவம்

இடப்பக்கக் கண்ணாடி மாற்றி இன்றுதான் என் டொயோட்டா புரோபாக்ஸ் வண்டியைப் பட்டறையிலிருந்து எடுத்து வந்தேன். லேடான் சந்திப்புக்கு முன்னால் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது ஒரு பஸ் உரசிவிட்டு நிற்காமல் போய்விட்டது. கண்ணாடி பெரிய செலவில்லை. ஆனால் வண்டியின் அந்தப் பக்கம் எனக்கு என்றைக்குமே சரியாகத் தெரிந்ததில்லை. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மச்சான் மகனும் போன வாரம் போன் பண்ணி, "மாமா, ஒரு புரோபாக்ஸ் விலைக்கு வருது, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தான். அவனுக்கும் இதுவே பதில்.

முதலில் வண்டிக்கு உரிய நியாயத்தைச் செய்துவிட வேண்டும். என்னுடையது 1.5 லிட்டர் எஞ்சின். பல வருஷமாக ரங்கூனின் வடக்கே இருக்கிற இன்சின் பகுதியிலிருந்து, நகர மத்தியில் மகாபண்டூலா சாலைப் பக்கம் வேலைக்குப் போய்வர இதுதான். எந்தப் பட்டறையில் விட்டாலும் கை வைக்கத் தயங்க மாட்டார்கள். டாக்சிக்காரர்கள் பாதிப் பேர் இதைத்தான் ஓட்டுகிறார்கள், அதனால் உதிரிபாகம் தேடி அலைய வேண்டியதில்லை. பின் சீட்டை மடித்தால் அரிசி மூட்டையும் ஏறும், கோயில் திருவிழாவுக்கு அண்டாவும் ஏறும். அப்புறம் முன்னால் டாஷ்போர்டிலிருந்து இழுத்து நீட்டுகிற அந்தச் சின்ன மேசை! ஜப்பானில் கம்பெனி விற்பனை ஆட்கள் வண்டியிலேயே கணக்கு எழுதவும் சாப்பிடவும் வைத்த மேசை. எனக்கு அது காலைச் சாப்பாட்டு மேசை. வண்டி நகராமல் நிற்கும்போது டீக்கடையில் கட்டி வாங்கிய பலகாரத்தை அதில் பிரித்து வைத்துச் சாப்பிட்டால், நெரிசல்மேல் வருகிற எரிச்சலில் பாதி போய்விடும். வாங்கும்போது இதை நான் கவனிக்கவே இல்லை. இன்று வண்டியில் எனக்கு ரொம்பப் பிடித்த பொருள் இதுதான்.

இனி ஸ்டியரிங்குக்கு வருகிறேன்.

பர்மா 1970-இல் சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதற்கு மாறியது. வண்டிகள் மாறவில்லை. 2011-இல் பழைய வண்டியை ஒப்படைத்து இறக்குமதி அனுமதி வாங்கலாம் என்று திறந்துவிட்டதும் ஜப்பானிலிருந்து பழைய வண்டிகள் வந்து குவிந்தன. ஜப்பானில் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், அவர்களுக்கு ஸ்டியரிங் வலப்பக்கம். நமக்கு அது சாலையோரம். அதாவது ஓட்டுகிறவன் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான், எதிர்வண்டி வருகிற பக்கம் காலி சீட்டு.

நகருக்குள் இதைச் சமாளித்துவிடலாம். ஊருக்கு வெளியே இருவழிச் சாலையில் முன்னால் ஒரு லாரி போகட்டும், அப்போது தெரியும். எதிரே என்ன வருகிறது என்று பார்க்க வண்டியின் முக்கால்வாசியை நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ள வேண்டும். பார்த்து முடிப்பதற்குள் எதிர்வண்டி முகத்துக்கு முன்னால் நிற்கும். ராத்திரி இன்னும் மோசம். ஜப்பானில் விற்ற வண்டிகளின் ஹெட்லைட், டிப் போட்டாலும் இடப்பக்கம் ஒளியை மேலே தூக்கி அடிக்கும். அங்கே அந்தப் பக்கம் நடைபாதை. இங்கே அந்தப் பக்கம் எதிரே வருகிறவன் கண். அவனுக்குக் கண் கூசும், அவன் வண்டியால் எனக்குக் கூசும். இதற்காக வண்டியைத் தயாரித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் தங்கள் சாலைக்குச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் நாங்கள் கண்டுபிடித்த வழி, இடப்பக்க சீட்டில் ஒரு ஆள். எங்கள் தெருவில் நான்கு பேர் சேர்ந்து போகிறோம், பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொள்கிறோம். முன்சீட்டு எப்போதும் டீச்சர் அக்காவுக்கு. "இருங்க தம்பி, இருங்க... ம், போங்க!" அந்தக் குரலை நம்பித்தான் முந்துகிறேன், திரும்புகிறேன். பாலத்தில் டோல் பணம் நீட்டுவதும் அவர்தான். இத்தனை வருஷத்தில் அவர் ஒருமுறைகூடத் தவறாகச் சொன்னதில்லை. கண்ணாடி உடைந்த அன்று அக்கா லீவு.

எனக்கு ஆறாத விஷயம் இதுதான். மியேனிகோனில் வண்டியை ஓரம் கட்டினால் நான் அழகாக நடைபாதையில் கால் வைத்து இறங்கலாம். அக்கா இறங்குவது ஓடுகிற வண்டிகளுக்கு நடுவில். கதவைக் கொஞ்சம் திறந்து, பின்னால் பார்த்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் இறங்கும்போது ஒவ்வொரு நாளும் எனக்கு வயிறு கலங்கும். பின்சீட்டில் வலப்பக்கம் உட்காருங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "அப்புறம் உங்களுக்கு யார் பார்த்துச் சொல்றது?" என்கிறார். நமக்குக் கண்ணாக இருக்கிறவரைத்தான் இந்த வண்டி நடுரோட்டில் இறக்கிவிடுகிறது.

பஸ்ஸிலும் ஒரு காலத்தில் இதே கதிதான். பழைய ஜப்பான் பஸ்களில் கதவு இடப்பக்கம், ஜனங்கள் நடுரோட்டில் குதித்தார்கள். பிறகு பல பஸ்களில் வலப்பக்கம் கதவு வெட்டினார்கள். 2017 ஜனவரியில் ஒய்.பி.எஸ். என்ற புது நகர பஸ் சேவை வந்து, புது பஸ்களும் ஓட ஆரம்பித்த பிறகு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தப் பயம் பெருமளவு தீர்ந்தது. கார்களுக்கு, 2018 முதல் இடப்பக்க ஸ்டியரிங் வண்டிகளுக்குத்தான் இறக்குமதி அனுமதி என்று விதி வந்தது. அது நல்ல விதி. ஆனால் ஏற்கெனவே வந்து சேர்ந்தவை எங்கே போகும்? என் வண்டிக்கு இன்று நான் கொடுத்ததைவிடக் கூடுதல் விலை கேட்கிறார்கள்.

வேறு வழி என்ன என்று பார்த்தால், மோட்டார் சைக்கிளுக்கு ரங்கூனுக்குள் தடை. வட்ட ரயில் இன்சின் வழியாகத்தான் போகிறது. முழு வட்டம் ஏறக்குறைய 46 கிலோமீட்டர், சுற்றிவர மணிக்கணக்கில் ஆகும். ஆனால் நம் ஸ்டேஷனில் ஏறி நகர மத்தியில் இறங்குகிறவனுக்கு அவ்வளவு ஆகாது. வேலை நேரம் கொஞ்சம் முன்பின் போகலாம் என்றால் தாராளமாக அதில் போகலாம்.

இப்போது மருமகனுக்கு. வண்டி நல்ல வண்டி, மேலே சொன்ன எதையும் மாற்றிச் சொல்ல மாட்டேன். என்னுடையதை விற்கவும் மாட்டேன். ஆனாலும் நீ வாங்காதே. உன் வேலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியின் என்கிற ஊரில், தனியாகப் போய் ராத்திரி தனியாகத் திரும்புகிறவன். இடப்பக்க சீட்டில் உனக்கு யாரும் இல்லை. இங்கேயே பொருத்தி விற்ற சுசுகி வண்டிகள் இடப்பக்க ஸ்டியரிங்கோடு வந்தவை, விலை கூடத்தான். பணம் சேர்கிறவரை பஸ்ஸில் போ. அதுவரை அவசரத்துக்கு வண்டி வேண்டுமென்றால் என்னுடையதை எடுத்துக்கொள், பகலில் மட்டும். உன் அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போ.