கோடு எரிந்தால் டியூப் போகவில்லை: பழைய மேக் வைத்திருப்போர் கவனத்துக்கு

பழைய கணினியைப் போடுகிறீர்கள். திரை முழுக்க இருட்டு, நட்டநடுவில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு வெள்ளைக் கோடு. பழுது பார்ப்பவர் அதைப் பார்த்துவிட்டு, "பிக்சர் டியூப் போய்விட்டது சார்" என்கிறாரா? மறுபேச்சுப் பேசாமல் கணினியைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் உள்ள கடை, இதே வசனத்தைச் சொல்லி என்னிடம் 8,500 ரூபாய் வாங்கியது. போதாக்குறைக்கு, நன்றாக இருந்த டியூபையும் வைத்துக்கொண்டது.

கணினி, சித்தப்பாவின் அச்சகத்தில் இருந்த ஆப்பிள் மேகின்டோஷ் பிளஸ். 1986-இல் வெளிவந்த மாதிரி. ஒன்பது அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை, 512-க்கு 342 புள்ளிகள். இதில் மின்விசிறி கிடையாது. சூடு தானாக மேலேறித் துளைகள் வழியே வெளியேறிவிடும் என்று நம்பிச் செய்துவிட்டார்கள். முன்னால் நின்று பார்த்தால் இடது சுவரை ஒட்டி நிமிர்ந்து நிற்கும் பலகைதான் மின்சாரத்தையும் திரையையும் கவனிக்கிறது. அது ஆண்டுக்கணக்கில் சூடாவதும் ஆறுவதுமாக இருப்பதால், டியூபின் கழுத்தைச் சுற்றியிருந்து எலெக்ட்ரான் கதிரை ஆட்டும் யோக் காயிலின் வயர் வந்து செருகும் கனெக்டரின் கால்களைச் சுற்றி ஈயப்பற்றில் மெல்லிய வட்ட விரிசல் விழும். நம் மெக்கானிக்குகள் ‘டிரை சால்டர்’ என்பது இதைத்தான். பிளஸ் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன நோய்.

அந்தக் கோட்டையே சாட்சிக்கு அழைக்கலாம். கோடு எரிகிறது என்றால் டியூபின் கழுத்தில் ஹீட்டர் சூடாகிறது, எலெக்ட்ரான் புறப்படுகிறது, பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் அதைத் திரைவரை இழுத்துவருகிறது. அந்த அழுத்தத்தைக் கொடுப்பது ஈஎச்டி டிரான்ஸ்ஃபார்மர். ஆக, டியூப், ஈஎச்டி இரண்டுமே வேலை செய்கின்றன. கதிரை மேலும் கீழும் ஆட்டும் சுருளும் வேலை செய்கிறது. இல்லாவிட்டால் கோட்டுக்குப் பதில் புள்ளிதான் தெரியும். இடம் வலமாக ஆட்டும் சுருளுக்கு மட்டும் மின்சாரம் போய்ச் சேரவில்லை. கோடு படுக்கையாக வந்தால் கோளாறு மேல் கீழ் ஆட்டும் பக்கத்தில். அப்போதும் டியூபின் மேல் குற்றமில்லை. பெட்டியின் இடது பக்கத்தை லேசாகத் தட்டும்போது படம் ஒரு நொடி விரிந்து சுருங்கினால், விரிசல்தான் என்று கிட்டத்தட்ட முடிவு கட்டிவிடலாம். என்னுடையது அப்படித்தான் விரிந்தது. கடையில் தட்டியே காட்டினேன். "அது டியூப் சாகும்போது வரும் துடிப்பு சார்" என்றார் அந்த மனிதர். கற்பனை வளத்துக்குக் குறைவில்லை.

பில்லில் ‘டியூப் மாற்றம், ஈஎச்டி மாற்றம், சர்வீஸ்’ என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து போட்டால் படம் முழுதாகத் தெரிந்தது, ஆனால் மங்கல். பிரகாசத்தைக் கூட்டினால் எழுத்துகள் ஊதிப்போயின. அணைத்துவிட்டு டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் வேடிக்கை. கண்ணாடிக்குப் பின்னால் ஒளிரும் பாஸ்பர் பூச்சில் ஒரு பெரிய கூட்டல் குறி கருகியிருந்தது. நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றின் மூலையிலும் சிறு எழுத்துகளின் தடம். ஏதோ ஒரு கட்டடத்தின் வாசலையும் லிஃப்டையும் இரவுபகலாகக் காட்டி ஓய்ந்த சிசிடிவி மானிட்டரின் டியூப் அது!

நண்பர் ஒருவர் நட்சத்திர முனை கொண்ட நீளமான டி15 டார்க்ஸ் திருப்புளியோடு வந்து பெட்டியைத் திறந்தார். சென்ற ஆண்டு தூசு தட்டியபோது எடுத்த படங்கள் கைவசம் இருந்தன. ‘மாற்றிய’ ஈஎச்டி அதே பழைய ஈஎச்டி. மேலே இருந்த கறைகூட அப்படியே. டியூபின் கழுத்தில் இருந்த லேபிள் வேறு. யோக் கனெக்டரின் கால்களில் மட்டும் புது ஈயம் பளபளத்தது. அதாவது உண்மையான கோளாறு அவருக்குத் தெரிந்திருக்கிறது, ஐந்து நிமிடத்தில் சரியும் செய்திருக்கிறார். டியூபை உருவியது அதன் பிறகு. இந்த அளவில் நல்ல டியூப் புதிதாகக் கடையில் கிடைக்காது, தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். திரும்பப் போய்க் கேட்டதற்கு, "பழைய பார்ட்ஸ் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டது, டியூபுக்கு வாரண்டியும் கிடையாது" என்று பதில்.

டியூப் மானிட்டரைப் பழுதுக்குக் கொடுத்தால், உங்கள் கண்முன் திறக்கச் சொல்லி, கழுத்து லேபிளையும் பலகையையும் படமெடுத்துவிட்டு ரசீதில் லேபிள் எண்ணை எழுதி வாங்குங்கள். மறுக்கும் கடை வேண்டவே வேண்டாம். கழற்றிய பாகம் உங்களுக்கே வர வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்தத் தொல்லைக்கு நாமே திறந்துவிடலாமே என்று, பழக்கமில்லாதவர்கள் இறங்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் உயர் அழுத்தம் வந்து சேரும் முனையான ஆனோடில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதை முறையாக இறக்காமல் கை வைக்கக் கூடாது. கழுத்தோ மெல்லிய கண்ணாடி. பின்பக்கச் சின்னப் பலகையை இழுக்கும் வேகத்தில் அதில் விரிசல் விழுந்துவிட்டால் காற்று புகுந்துவிடும். அப்புறம் டியூப் உண்மையிலேயே போய்விடும்.

என் டியூபின் கழுத்தில், லேபிளுக்குப் பக்கத்தில், சித்தப்பா பச்சை மையால் அச்சகத்தின் முதலெழுத்துகளை எழுதி ஒட்டிய சிறு தாள் இருக்கும். ‘மேக் டியூப், நல்ல கண்டிஷன்’ என்று யாராவது விற்க வந்து அந்தத் தாளோ, அதைக் கிழித்த தடமோ கண்ணில் பட்டால், வாங்குவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.