மூன்று வருட செராமிக் கோட்டிங் என்று காசு வாங்கி, வேக்ஸ் தேய்த்து அனுப்பிவிட்டார்கள்

சென்னையில் கார் பாலிஷ், கோட்டிங் போடும் எண்ணத்தில் இருப்பவர்கள் ஒரு நிமிடம் இதைப் படித்துவிடுங்கள். புகார் இன்னும் முடியாததால் கடையின் பெயரைப் போடவில்லை.

என் வண்டி கருநீலம். நிற்பது தெருவில், மரத்தடியில். காக்கை எச்சம், மரப் பிசின், போதாக்குறைக்கு வாட்ச்மேன் போர் தண்ணீரில் கழுவிவிட்டுத் துடைக்காமல் விடுவதால் வரும் வெள்ளைப் புள்ளிகள். செராமிக் (பெயின்ட் மேல் பூசினால் அதோடு ஒட்டி இறுகிவிடும் திரவப் பூச்சு) போட்டால் மூன்று வருடத்துக்குக் கவலையில்லை, பதினெட்டாயிரம் ரூபாய் என்றார்கள். "சாவியால கீறினாக்கூட விழாது சார், 9H" என்றும் சொன்னார் கடைக்காரர். 9H என்பது பென்சில் முனையை வைத்துச் செய்யும் சோதனையில் வரும் அளவு. சாவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காலையில் விட்ட வண்டியை மாலையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் பையன் ஒருவன் ஹோஸில் பானட் மேல் தண்ணீர் அடித்து, "பாருங்க சார், முத்து முத்தா ஓடுது" என்று காட்டுகிறான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நிஜ செராமிக் என்றால் பூசிய அன்றைக்குத் தண்ணீரே படக்கூடாது. அது பெயின்ட்டோடு ஒட்டி இறுகக் குறைந்தது ஒரு நாளாவது வேண்டும்; சோப்புப் போட்டுக் கழுவ ஒரு வாரம் பொறுக்கச் சொல்வார்கள். பூசுவதற்கு முன்னால் கழுவி, க்ளே என்ற களிமண் மாதிரிக் கட்டியால் தேய்த்து ஒட்டிய அழுக்கை இழுத்து, பாலிஷ் செய்து, பிசுக்கே இல்லாமல் ஆல்கஹால் கலவையால் துடைக்க வேண்டும். இத்தனையும் அரை நாளில் நடக்காது.

ஒரு மாதம் போயிருக்கும். நாலைந்து வாட்டர் வாஷ். பானட்டில் தண்ணீர் முத்தாக நிற்காமல் தட்டையாகப் படர ஆரம்பித்தது. ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்கடியில் பார்த்தால், போன பாலிஷில் காணாமல் போன வட்ட வட்டக் கீறல்கள் எல்லாம் சிலந்தி வலை மாதிரி பழையபடி தெரிந்தன.

வேறு கடையில் காட்டியபோது அந்த மெக்கானிக் பேசவே இல்லை. கண்ணில் படாத ஓர் ஓரத்தில், கதவின் கீழ்ப்பக்கம், ஆல்கஹால் நனைத்த துணியால் நாலு தேய் தேய்த்தார். பளபளப்பு துணியோடு வந்துவிட்டது. உள்ளே இருந்த கீறல் அப்படியே நின்றது. கீறலை எடுக்கவே இல்லை, மெழுகும் எண்ணெயும் கலந்த பாலிஷை அதன் மேல் நிரப்பி மூடியிருக்கிறார்கள். இறுகிய செராமிக் இப்படித் துடைத்தால் போகாது.

வேக்ஸைக் குறை சொல்லவில்லை. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் கார்னாபா பனையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகுதான் நல்ல வேக்ஸ்களில் இருப்பது. காரின் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்று ஒரு தெளிவான அடுக்கு உண்டு, பெரும்பாலும் 40, 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வேக்ஸ் அதன் மேல் மிக மெல்லிசாகப் படிந்திருக்கும், அவ்வளவுதான். தண்ணீர் ஒட்டாது, எச்சமும் பிசினும் பெயின்ட்டைத் தொடும் முன் வேக்ஸைத் தின்னும், நீங்கள் துடைக்க அவகாசம் கிடைக்கும். கல் தெறித்தாலோ பைக் ஹேண்டில் உரசினாலோ அது ஒன்றும் செய்யாது. கார்னாபா 80 டிகிரிக்குச் சற்று மேலே உருகும். மே மாத வெயிலில் கரிய பானட் எவ்வளவு கொதிக்கும் என்பது கை வைத்தவர்களுக்குத் தெரியும். நம் ஊரில் ஒன்றரை மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் வரும். பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவினால் அதுவும் வராது. சீலன்ட், அதாவது வேக்ஸ் மாதிரியே தேய்க்கும் செயற்கைப் பூச்சு என்றால் நாலைந்து மாதம் நிற்கும். எல்லாம் நியாயமான சரக்குதான், அதற்குரிய விலையில் விற்றால்.

ஷோரூமில் டெலிவரியின்போது தலையில் கட்டும் 'டெஃப்லான் கோட்டிங்' இன்னொரு கூத்து. டெஃப்லான் உருகுவதே 327 டிகிரியில். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் அதைச் சூளையில் வைத்து ஒட்டவைக்கிறார்கள். காரை அப்படி வைக்க முடியுமா? கையால் தேய்ப்பது பெரும்பாலும் சீலன்ட்தான்.

சரி, கடைக்குத் திரும்பிப் போனேன். "மெயின்டனன்ஸ் கோட் போடணும் சார், நாலாயிரத்து ஐந்நூறு. வாரன்டி கார்டுலயே இருக்கே" என்றார். இருந்தது, பின்பக்கம், எறும்பு சைஸ் எழுத்தில். என்ன பிராண்ட் போட்டீர்கள், பாட்டிலைக் காட்டுங்கள் என்றதற்குக் கடைசிவரை பதிலில்லை. பில்லில் வெறும் 'கோட்டிங்' என்றுதான் இருக்கிறது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

கோட்டிங் போடப் போகிறவர்கள் பில்லில் பொருளின் பெயரையும் 'செராமிக்' என்ற சொல்லையும் எழுதச் சொல்லுங்கள். சீல் உடைக்காத பாட்டிலை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பாலிஷ் முடிந்து கோட்டிங் போடும் முன், ஆல்கஹாலில் துடைத்த பானட்டை டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். இதற்கு முகம் சுளிக்கும் கடையில் வண்டியை விடாதீர்கள்.