குளியலறைக் கைப்பிடிகள்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மூட்டுத் தேய்மானம் உள்ள என் அம்மாவுக்காக எங்கள் குளியலறையில் மூன்று கைப்பிடிகளைப் பொருத்திச் சில ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் ஒன்றுகூட இன்றுவரை ஆட்டம் காணவில்லை. கடையில் கைப்பிடியைத் தேர்ந்தெடுப்பதற்குச் செலவிட்ட நேரத்தைவிட, அதைத் தாங்கப்போகும் சுவரைப் பற்றி விசாரிக்கச் செலவிட்ட நேரமே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன்.

எங்களுடையது பழைய செங்கல் கட்டடம். வெஸ்டர்ன் டாய்லெட்டை ஒட்டியிருப்பது நாலரை அங்குலத் தடுப்புச் சுவர். டைல்ஸும் அதன் பின்னுள்ள சிமென்ட் கலவையும் சேர்ந்து ஏறக்குறைய 25 மி.மீ. ஆகிவிடுவதால், பெட்டியோடு வந்த 40 மி.மீ. ஸ்க்ரூ செங்கல்லுக்குள் 15 மி.மீ.கூட இறங்காது. துண்டு மாட்டும் கொக்கிக்கு அது போதும். எழும்போது ஒருவர் தம் முழுப் பாரத்தையும் கொடுக்கும் கைப்பிடிக்குப் போதாது. பொருத்த வந்தவர் “இதுவே தாங்கும் சார்” என்று சொன்னபோதும், 75 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவும் அதைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும், அதற்கேற்ற நைலான் பிளக்கும் வாங்கி வந்த பிறகே வேலையைத் தொடங்கச் சொன்னோம். ஹாலோ பிளாக் அல்லது இலகு ரக ஏ.ஏ.சி. பிளாக் (நுண்ணிய காற்றறைகள் கொண்ட கான்கிரீட் கல்) சுவராக இருந்தால் சாதாரண பிளக்கை நம்ப வேண்டாம். அத்தகைய சுவருக்கென்றே வரும் ஆங்கர் என்ற பிடிமானத்தையோ, பசையால் துளைக்குள் இறுகும் கெமிக்கல் ஆங்கரையோதான் கேட்டு வாங்க வேண்டும்.

துளையிடும் முன் டைல்ஸை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, உள்ளே பொள்ளலாக ஒலித்த இடத்தை விட்டுவிட்டோம். சுவருக்குள் புதைந்த தண்ணீர்க் குழாய்கள் பெரும்பாலும் குழாய்முனைக்கு நேர் மேலாகவோ கீழாகவோ செல்லும் என்பதால் அந்த நேர்கோட்டையும், கீசருக்குப் போகும் மின்வயரின் தடத்தையும் தவிர்த்தோம். டைல்ஸைத் துளைத்து முடியும்வரை டிரில்லில் இடித்துத் துளைக்கும் ஹாமர் இயக்கத்தை நிறுத்தி வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் டைல்ஸ் விரிசல் விடும். பிட் உள்ளே செல்லச் செல்ல முதலில் வெள்ளைத் தூளும், பிறகு சாம்பல் நிறத்தில் சிமென்ட் தூளும், கடைசியாகச் செங்கல்லின் சிவப்புத் தூளும் கொட்டின. ஒரு துளையில் மட்டும் கடைசிவரை சாம்பல் நிறமே வந்தது. பிட் இரண்டு செங்கற்களுக்கு இடைப்பட்ட சாந்துக்குள் சென்றிருக்கிறது என்று அதற்குப் பொருள். எனவே அங்கே பிளக்குக்குப் பதில் எபாக்ஸி என்ற இறுகும் பசை வகைப் பிடிமானம் கொடுத்தோம். பிளக்கின் வாய் டைல்ஸைத் தாண்டி உள்ளே அமர்ந்திருப்பது நல்லது. ஸ்க்ரூ முறுகும்போது அது விரிந்து டைல்ஸை உடைக்காது.

உயரத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் அணுகல்தன்மை விதிகள் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம் என்கின்றன. என் அம்மா குள்ளமானவர். அவரை டாய்லெட்டில் உட்காரவைத்து, எழுவதற்கு இயல்பாகக் கை போகும் இடத்தில் பென்சிலால் குறித்தபோது, அது அந்த அளவுக்குச் சற்றுக் கீழே வந்தது, அங்கேயே பொருத்தினோம். ஆனால் கம்பிக்கும் சுவருக்கும் இடையே அதே விதிகள் சொல்லும் ஒன்றரை அங்குல இடைவெளியை அப்படியே பின்பற்றினோம். இடைவெளி அதைவிட அதிகமானால், கை வழுக்கும்போது முன்னங்கை உள்ளே புகுந்து சிக்கிக்கொள்ளக்கூடும்.

மூன்றில் ஒன்று பளபளப்பான வழவழப்புக் கம்பி. எண்ணெய்க் குளியல் நாளில் அதில் பிடி நிற்பதே இல்லை. சொரசொரப்பாகக் கோடு வெட்டிய மற்ற இரண்டில் அந்தத் தொல்லை கிடையாது. உலோகம் 304 தர ஸ்டீலாக இருக்கட்டும். கடைக்காரர் காந்தம் ஒட்டவில்லை என்று காட்டுவது சான்றாகாது. மலிவான 202 தரத்திலும் காந்தம் ஒட்டுவதில்லை. தரை கழுவும் ஆசிட் தெறித்தால் 304 தரத்திலும் புள்ளி விழும் என்பதால், கம்பிகளை வெறும் சோப்பு நீரால் மட்டுமே துடைக்கிறோம். விளிம்பைச் சுற்றிப் பூசிய சிலிக்கான் கறுத்துப் பிரிந்தபோது, சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டியிருந்தது. அதற்காக மூடியைக் கழற்றியபோது பார்த்தோம். ஸ்க்ரூவில் துரு இல்லை.

வாடகை வீட்டில் இருக்கும் உறவினர்கள், துளையிடத் தேவையில்லாத, காற்றுறிஞ்சி ஒட்டும் கைப்பிடி போதுமா என்று கேட்கிறார்கள். உப்புத் தண்ணீர் படிந்த டைல்ஸில் அது எப்போது விடும் என்று சொல்ல முடியாது. வீட்டு உரிமையாளரிடம் பேசி ஆறு துளைகளுக்கு அனுமதி வாங்கிவிடுவதே மேல். காலி செய்யும்போது ஒயிட் சிமென்டால் அடைத்துக் கொடுத்துவிடலாம்.