டியூபா, டியூப்லெஸ்ஸா? முள்ளுக்காட்டில் ஓட்டுகிறவன் கணக்கு

மதுரையைச் சுற்றி மண் தடங்களில் எம்டிபி (மவுன்டன் பைக் சைக்கிள்) ஓட்டுகிறவர்களுக்கு சஸ்பென்ஷன், கியர் என்று ஆயிரம் பேச்சு இருந்தாலும், சவாரியைப் பாதியில் நிறுத்துவது பெரும்பாலும் முள்தான். கண்மாய்க் கரையில் ஏறினால் சீமைக்கருவேலம். நாகமலை அடிவாரத்தில் ஆடு மாடு போகிற ஒற்றையடிப் பாதை என்றால் நெருஞ்சி. இரண்டும் இல்லாத இடத்தில் யாராவது வேலிக்கு வெட்டிப்போட்ட உடைமுள் கிடக்கும். ஆகவே டயருக்குள் டியூப் இருக்கட்டுமா, டியூப்லெஸ் ஆக்கிவிடலாமா என்பதை நான் முள்ளை வைத்துத்தான் பார்க்கிறேன். டியூப்லெஸ்ஸுக்கு மாறியாயிற்று, திரும்பிப் போகிற எண்ணம் இல்லை. நடுநிலை வேஷம் எனக்குச் சரிப்படாது என்பதால் இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

எடை, பிடிமானம் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். 29 அங்குலச் சக்கரத்துக்கான சாதா டியூப் சுமார் 200 கிராம் வரும். டியூப்லெஸ்ஸில் சீலன்ட் (டயருக்குள் ஊற்றுகிற, ஓட்டையை அடைக்கும் திரவம்), ரிம் டேப், வால்வு எல்லாம் சேர்த்தாலும் அதைவிடக் கொஞ்சம் குறைவுதான். இதற்காக யாரும் மாற வேண்டாம். பிடிமானத்தில் வித்தியாசம் உண்டு. டியூப் இருந்தால் 30, 35 பிஎஸ்ஐ அழுத்தத்திலாவது காற்று வேண்டும். இல்லாவிட்டால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். டியூப்லெஸ்ஸில் நசுங்க டியூபே கிடையாது. 70 கிலோ ஆள், 2.25 அங்குல டயர் என்றால் முன்னால் 22, பின்னால் 25 வைத்து ஓட்டலாம். சரளையிலும் வைகை மணலிலும் அந்தக் குறைந்த காற்று என்ன செய்கிறது என்பது ஒருமுறை ஓட்டினால் தெரிந்துவிடும்.

இனி முள். சீமைக்கருவேல முள்ளில் ஒரு கெட்ட குணம் உண்டு: குத்தியதும் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே தங்கிவிடும். டியூபைக் கழற்றி, தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்து, தேய்த்து, சொல்யூஷன் தடவி, பேட்ச் ஒட்டி மாட்டிவிட்டுக் கிளம்பினால் கொஞ்ச தூரத்தில் அதே இடத்தில் மறுபடியும் காற்று இறங்கும். டியூப் வைத்து ஓட்டுகிறவர்கள் பழைய பனியன் துணி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டயரின் உள்பக்கம் முழுக்க அதை இழுத்துக்கொண்டே போனால், முள் இருக்கிற இடத்தில் நூல் மாட்டும். விரலால் தடவுவதைவிட அது நல்லது, விரலும் மிஞ்சும்.

டியூப்லெஸ்ஸில் நெருஞ்சி ஒரு பொருட்டே இல்லை. கைப்பிடி அளவு குத்தியிருந்தாலும் உள்ளே இருக்கிற சீலன்ட், அதாவது லேடெக்ஸ் (ரப்பர் பால்) திரவம், ஒவ்வொரு ஓட்டையிலும் போய் உறைந்துகொள்ளும். சீமைக்கருவேலம் பெரிய ஓட்டை போடும், அதையும் அடைக்கும். முள்ளை இழுத்ததும் வெள்ளையாகப் பீய்ச்சும். பதறாமல் ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைச் சுற்றிப் பிடித்தால் திரவம் அங்கே தேங்கும், புஸ்ஸென்ற சத்தம் மெல்ல நின்றுவிடும். காட்டுக்குள் முள்ளைப் பிடுங்கவே பிடுங்காதீர்கள் என்பது என் கட்சி. அதுவே ஒரு மூடிதான். வீட்டுக்கு வந்து பம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிடுங்கலாம்.

இவ்வளவு சௌகரியமும் சும்மா வருவதில்லை. இந்த இரண்டில் எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதை முடிவு செய்வது பராமரிப்புதான். சைக்கிளுக்கான டியூப்லெஸ் ஒரு முறையாக 1999இல் வந்தது. மேவிக், ஹட்சின்சன், மிஷெலின் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த யுஎஸ்டி அது. அந்த டயர்கள் திரவம் இல்லாமலே காற்றைப் பிடித்துவைக்கும், கனமும் அதிகம். இன்று நாம் வாங்குகிற ‘டியூப்லெஸ் ரெடி’ டயர்கள் அப்படி இல்லை. ஓரங்கள் மெல்லியவை, பல டயர்களில் துணிப் பின்னல் வழியாகவே காற்று கசியும். அதை அடைப்பதும் சீலன்ட்தான், முள் ஓட்டையை அடைப்பதும் அதேதான். ஆக, திரவம் காய்ந்தால் இரண்டுமே போய்விடும். டயருக்குள் மிஞ்சுவது ஒரு வெள்ளைத் தோலும், சில சமயம் முரட்டு ரப்பர் உருண்டை ஒன்றும்.

நம் ஊர் வெயிலில் அது சீக்கிரமே காயும். பாட்டிலில் ஆறு மாதம், ஏழு மாதம் என்று போட்டிருப்பார்கள். அது குளிர் தேசத்துக் கணக்கு. தகரக் கொட்டகையிலோ மொட்டை மாடியிலோ சைக்கிள் நிற்கிறதென்றால் சித்திரை, வைகாசியில் இரண்டு மாதத்துக்குமேல் நம்பாதீர்கள். மழைக்காலத்தில் மூன்று, நான்கு மாதம் ஓடும். சக்கரத்தைக் குலுக்கினால் சளக் சளக்கென்று கேட்க வேண்டும். அதிலும் சந்தேகம் இருந்தால் நான் செய்வது இது: சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கிவைத்து, வால்வை மேலே கொண்டுவந்து காற்றை இறக்கி, உள்ளே இருக்கிற வால்வு ஊசியைக் கழற்றுவேன். பிறகு சக்கரத்தைச் சுற்றி வால்வு அடியில் வந்ததும் ஒரு கேபிள் டையை உள்ளே விட்டு எடுத்துப் பார்ப்பேன், இன்ஜின் ஆயில் பார்க்கிற மாதிரி. நுனி நனையவில்லை என்றால் ஊசி இல்லாத சிரிஞ்சால் 60 மி.லி. ஊற்ற வேண்டியதுதான். புதிதாகப் போடும்போது 29 அங்குலத்துக்கு 100 முதல் 120 மி.லி. பிடிக்கும். பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். ஓட்டையை அடைக்கிற துகள்கள் அடியில் படிந்திருக்கும், குலுக்காமல் ஊற்றினால் மேலே இருக்கிற தண்ணிப் பால்தான் டயருக்குப் போகும்.

அப்புறம் வால்வு. பிரெஸ்டா என்கிற ஒல்லி வால்வுக்குள் சீலன்ட் உறைந்துபோய் ஒருநாள் காற்று ஏறவே ஏறாது. ஊசியைக் கழற்றிச் சுரண்ட வேண்டும், அல்லது புதிது போட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை டயரைக் கழற்றி உள்ளே உரித்துச் சுத்தம் செய்வதும் உண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதற்கே போய்விடும். இவ்வளவையும் வேலை என்று நினைத்தால் டியூப்லெஸ் உங்களுக்கு இல்லை. எனக்கு வீட்டு நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை, கண்மாய்க் கரை வெயிலில் பேட்ச் ஒட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

வெளி உதவி கிடைக்காது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டியூப் பஞ்சரானால் எந்த ஊர் பஞ்சர் கடையிலும் சில்லறைக் காசில் முடிந்துவிடும். டியூப்லெஸ்ஸைக் கொண்டுபோனால், “தம்பி, இதுல டியூபையே காணோமே” என்பார் அண்ணன். ஆனால் ஒரு காரியத்துக்கு அவர் வேண்டும். புது டயரின் விளிம்பு ரிம்மில் ஏறி உட்கார ஒரே மூச்சில் நிறையக் காற்று அடித்தாக வேண்டும், கைப்பம்பில் பல டயர்கள் மசியாது. விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வு ஊசியைக் கழற்றிவிட்டு, அவர் கம்ப்ரசரில் அடித்தால் டப், டப்பென்று ஏறி உட்காரும். பிரெஸ்டாவுக்கு அடாப்டர் நீங்கள்தான் எடுத்துப்போக வேண்டும்.

டியூப்லெஸ் கைவிடுகிற இடம் டயரின் பக்கவாட்டு. கூரான பாறை கிழித்தால் திரவத்தால் ஒன்றும் செய்ய முடியாது. சின்னக் கிழிசலுக்கு ரப்பர் பிளக் செருகலாம். பெரியதென்றால் உள்ளே டியூப் போட்டுத்தான் வீடு வந்து சேர வேண்டும், எனவே பையில் ஒரு டியூப் எப்போதும் உண்டு. அதைப் போடும் முன் டயருக்குள் இருக்கிற எல்லா முள்ளையும் எடுத்தாக வேண்டும். இத்தனை நாள் சத்தமில்லாமல் அடைபட்டுக் கிடந்தவை அத்தனையும் புது டியூபில் ஏறிவிடும். பனியன் துணி இங்கேயும் தேவைப்படுகிறது.

நடுவழிகளும் இருக்கின்றன. டியூபுக்குள்ளேயே ஊற்றுகிற வேறு வகை சீலன்டான பச்சைத் திரவத்தை ஊற்றிக்கொள்வது ஒன்று. லேடெக்ஸ் போல அது சீக்கிரம் காயாது, நெருஞ்சிக்கு நன்றாகவே தாங்கும். ஆனால் அது அடைக்க முடியாத ஓட்டை விழுந்தால், வழவழப்பில் பேட்ச் ஒட்டாமல் வழுக்கும். கல்லில் நசுங்கும் பிரச்சினையும் அப்படியே இருக்கும். டயருக்கும் டியூபுக்கும் நடுவில் வைக்கிற லைனர் பட்டையை நான் கொஞ்ச நாள்தான் வைத்திருந்தேன். அதன் இரண்டு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற இடத்தில் டியூபை உரசுகிறது என்பதைப் பார்த்தேன், அதற்குமேல் தீர்ப்புச் சொல்கிற அளவு ஓட்டவில்லை. டிபியு (ஒரு வகை பிளாஸ்டிக்) டியூபுகள் எடை குறைவு, மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். என் பையில் இருக்கிற உபரி டியூப் அந்த வகைதான். இன்னும் சக்கரத்தில் ஏறவில்லை, ஆகவே நம் முள்ளுக்கு அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

மாறுகிறவர்கள் ரிம், டயர் இரண்டிலும் ‘டியூப்லெஸ் ரெடி’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாறுங்கள். விலை குறைந்த பல எம்டிபிகளில் இரண்டுமே இருக்காது. அதில் டேப்பைச் சுற்றி ஒப்பேற்றினால், குறைந்த காற்றில் வளைவில் சாயும்போது விளிம்பு கழன்றுகொள்ளலாம். ரிம்மும் டயரும் சேர்த்து வாங்குகிற செலவைப் பார்க்கிறபோது, மாதத்துக்கு ஒருமுறை மட்டும் மண்ணில் இறங்குகிறவர் பச்சைத் திரவத்தோடு டியூபிலேயே இருந்துவிடலாம். ஓட்டாமல் நிற்கிற சைக்கிளிலும் சீலன்ட் காயத்தான் செய்கிறது. எங்கள் வீட்டில் கடைகண்ணிக்குப் போகிற சைக்கிளுக்கு இன்றும் டியூப்தான். தெருமுனையில் பஞ்சர் கடை இருக்கிறது, அதற்கு அது போதும்.