தண்ணீர் மோட்டாருக்கு எந்த ரிலே?

மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்கவேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது, '10 ஆம்பியர், 250 வோல்ட் ஏ.சி.' என்று அச்சிட்ட நீலநிறச் சிறு ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) பொருத்திய போர்டைத்தான். அந்த 10 ஆம்பியர், ஹீட்டர் போன்ற வெறும் மின்தடைச் சுமைக்கான கணக்கு. ஒரு குதிரைத்திறன் சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 5 முதல் 7 ஆம்பியர் எடுத்தாலும், கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு இழுப்பதாலும், நிறுத்தும்போது ரிலேக்குள் தொட்டு விலகும் உலோகப் பாயின்ட்டுகளுக்கு இடையே பொறி பறப்பதாலும், அவை நாளடைவில் உருகி ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு ரிலேயை இயக்கும் 5 வோல்ட்டை நிறுத்தினாலும் மோட்டார் நிற்காது.

அசையும் பாகமே இல்லாத சாலிட் ஸ்டேட் ரிலேயில் சத்தமும் இல்லை, பாயின்ட் தேய்மானமும் இல்லை. ஆனால் அதன் குறுக்கே ஒரு வோல்ட்டுக்குமேல் இழப்பு இருப்பதால் 6 ஆம்பியருக்கே 6 வாட்டுக்குமேல் சூடாகிறது. ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாமல் மூடிய பெட்டிக்குள் வைப்பது வம்பு. பழுதானாலும் பெரும்பாலும் இணைந்த நிலையிலேயே நின்றுவிடும். அடிக்கடி ஆன், ஆஃப் ஆகும் ஹீட்டருக்கு அது பொருத்தம். மோட்டாருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

என் தேர்வு கான்டாக்டர், அதாவது பெரிய சுமைக்கென்றே செய்யப்பட்ட பெரிய ரிலே. இடத்தை அடைக்கும், லேசாக ரீங்கரிக்கும், விலையும் கூடுதல். ஆயினும் மோட்டார் சுமைக்கென்றே ஏ.சி.-3 என்ற தனி மதிப்பீடு அதன்மேல் குறிக்கப்பட்டிருக்கும். மோட்டார் அளவுக்குமீறி மின்சாரம் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயையும் கூடவே மாட்டலாம். இரண்டு பாயின்ட்டுகள் வழியே பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் துண்டிக்கலாம். அந்த நீல ரிலே கான்டாக்டரின் காயிலை (பாயின்ட்டுகளை இழுக்கும் மின்காந்தச் சுருளை) மட்டும் இயக்கினால் போதும், அதன் தகுதிக்கு அது எளிய வேலை. காயிலின் குறுக்கே பொறியை அடக்கும் ஒரு ஆர்.சி. ஸ்னப்பரை (மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்தது) போட்டால் சிறு ரிலேயின் பாயின்ட்டும் நீடிக்கும்.

போர்டு வாங்கும்போது அடிப்பக்கத்தைப் புரட்டி, 230 வோல்ட் தடத்துக்கும் 5 வோல்ட் தடத்துக்கும் இடையே போதிய இடைவெளியும், ரிலேக்கடியில் வெட்டப்பட்ட பிளவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒற்றைப் பாயின்ட் ரிலேயானால் பேஸை மட்டுமே அதன் வழியாகக் கொண்டுசெல்லவேண்டும். நியூட்ரலைத் துண்டித்தால் மோட்டார் நின்றிருக்கும்போதும் வைண்டிங்கில் 230 வோல்ட் இருக்கும். எர்த் எதன் வழியாகவும் போகாமல் நேரே மோட்டாரின் உடலுக்குச் செல்லவேண்டும். மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் எம்.சி.பி. ஒன்று மோட்டாருக்கெனத் தனியாகவும், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் அவசியம். சாலிட் ஸ்டேட் ரிலே அணைந்த நிலையிலும் சில மில்லி ஆம்பியர் கசியவிடும் என்பதால், எந்த வகையைப் போட்டிருந்தாலும் ரிலேயை நம்பி ஒயரைத் தொடாமல், எம்.சி.பி.யை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே ஸ்க்ரூவைத் தளர்த்தவேண்டும்.