கரண்ட் போனாலும் தையல் நிற்காமல்: இன்வெர்ட்டருடன் ஐந்து ஆண்டுகள்

வீட்டின் ஓர் அறையில்தான் என் தையல் தொழில். மோட்டார் வைத்த மெஷின் ஒன்று, துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் ஒன்று, வெட்டுமேசை, அயர்ன் பாக்ஸ். சொன்ன தேதிக்குத் துணியைக் கொடுத்தால்தான் அடுத்த வேலை வரும். அதற்காக 900 விஏ சைன் வேவ் இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியும் வாங்கி ஐந்து ஆண்டு ஆகிறது.

முன்பு இருந்தது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்; சைன் வேவ் போல லைன் கரண்ட்டை ஒத்த சீரான அலை அதில் வராது. பல்பு எரியும், ஃபேன் சுற்றும். ஆனால் மெஷின் மோட்டார் உறுமும், அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு. மோட்டாரை நம்பித் தொழில் செய்கிறவர்கள் இந்த ஒன்றில் மட்டும் மிச்சம் பிடிக்கவே கூடாது.

வாங்கும்போது நான் போட்ட கணக்கு தப்பு. 12 வோல்ட்டை 150-ஆல் பெருக்கினால் 1800 வாட்-மணி. 200 வாட் இழுத்தால் ஒன்பது மணி நேரம் வரும் என்று நினைத்தேன். வந்தது ஐந்து மணி நேரம். பேட்டரி மேல் எழுதியிருந்த 150 என்பது, 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் மெல்ல இறக்கினால் கிடைக்கும் அளவு. 200 வாட் லோடுக்கு 20 ஆம்பியர் பக்கம் போகிறது. வேகமாக இழுக்க இழுக்கக் கிடைப்பதும் குறையும். இன்வெர்ட்டரிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். அடிவரை வற்றவிட்டால் பேட்டரி சீக்கிரம் போய்விடும் என்பதால், அப்போதெல்லாம் நாலு மணி நேரம் ஆனதும் நானே ஓவர்லாக்கை நிறுத்திவிடுவேன்.

பேட்டரியைப் பெரிதாக்குவதைவிட எனக்குப் பலன் தந்தது மோட்டாரை மாற்றியதுதான். பழைய கிளட்ச் மோட்டார், பெடலை மிதிக்காத நேரத்திலும் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் தைக்கும்போது மட்டும்தான் ஓடும். துணியைத் திருப்புவது, ஊசியில் நூல் கோப்பது, பாபின் மாற்றுவது என்று பாதி நேரம் மெஷின் நின்றுதானே இருக்கிறது!

அயர்ன் பாக்ஸ்தான் பெரிய தலைவலி. 1000 வாட். அதை இன்வெர்ட்டர் லைனில் போட்டால் ஓவர்லோடு ஆகி எல்லாமே நின்றுவிடும். ஒரு நாள் மறந்துபோய்ச் செருகி, நடுத்தையலில் மெஷின் நின்றது. மறுநாளே எலக்ட்ரீஷியனை வரவழைத்து, அந்த பிளக் பாயிண்ட்டை இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரித்துவிட்டேன். அதன்பின் வேலை வரிசையையே மாற்றிக்கொண்டேன். கரண்ட் இருக்கும்போது காலர், கஃப் எல்லாவற்றுக்கும் கேன்வாஸ் ஒட்டி, மடிப்புகளை அயர்ன் செய்து கட்டுக்கட்டாக அடுக்கிவிடுவேன். போனதும் தையல் மட்டும். நடுவில் ஒரு மடிப்பு நிற்க வேண்டுமென்றால், தையல் ஓரத்தை இரண்டு பக்கமும் விரித்துவைத்து வழவழப்பான மரத்துண்டால் அழுத்தி இழுப்பேன். பருத்தித் துணி அதற்கே நன்றாகப் படியும். பாலியெஸ்டர் படியாது, அதைத் தனியே எடுத்துவைத்துவிடுவேன்.

இரண்டாவது ஆண்டில் ஒரு தவறு செய்தேன். வேலை நெருக்கடியில் பல மாதம் பேட்டரி பக்கமே போகவில்லை. தண்ணீர் அளவைக் காட்டும் மிதவைகள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கி, உள்ளே பிளேட்டின் மேல்விளிம்பு காய்ந்திருந்தது. ஐந்து மணி நேர பாக்கப் மூன்றாகக் குறைந்தது. எவ்வளவு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியும் பழையபடி வரவே இல்லை. இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, முழுதாக சார்ஜ் ஆன பிறகு பார்க்கிறேன். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. டெர்மினலைத் துடைத்து வாஸ்லின் தடவுவேன். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் பேட்டரி ஜன்னலோரம்தான் இருக்கிறது.

ஜெனரேட்டர் வேண்டாம் என்று முடிவு செய்ததற்கு ஒரே காரணம், வைக்க வெளியிடம் இல்லை. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. வீட்டுக்குள் ஓட்டினால் உயிருக்கு ஆபத்து.

அடுத்த பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டாக இருக்கும். தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, ஆழமாக இறக்கினாலும் தாங்கும். ஆனால் இப்போதைய இன்வெர்ட்டரின் சார்ஜிங் இப்போதிருக்கும் லெட்-ஆசிட் வகை பேட்டரிக்கானது. இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும்.

நாள் முழுக்கக் கரண்ட் வராத நாட்களுக்குப் பழைய கால் மெஷினை விற்காமல் வைத்திருக்கிறேன். ஐந்து ஆண்டில் மூன்று முறை அதுதான் கைகொடுத்தது. ஜன்னல் வெளிச்சத்தில், பேட்டரியைத் தொடாமலே, நாலு சட்டை முடித்தேன். தோல் பெல்ட் மட்டும் தளர்ந்து நழுவுகிறது. இந்த வாரம் ஓர் அங்குலம் வெட்டி, கொக்கி மாட்ட வேண்டும்.